போக்கரில் நல்ல ட்ரா (இன்னொரு சீட்டு வந்தால் பலமாகும் சீட்டுகள்) கையில், பொசிஷன் இல்லை (எதிராளிக்கு முன்னால் பேச வேண்டிய இடம்): உங்களுக்கு மறக்காத ஒரு கை எது?

மாண்டவிக்கரை:
கோவா, பனாஜி, ஆற்றில் நிற்கும் கப்பல். 100/200 மேசை (ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் என்ற இரண்டு கட்டாயப் பந்தயத் தொகை), என் முன்னால் 40,000. பிக் பிளைண்டில் ஹார்ட் ஒன்பது, எட்டு. கடைசியாகப் பேசும் பட்டன் இடத்தில் இருந்த பெரியவர் 700 போட்டார், நான் மட்டும் கால், அதாவது அதே தொகை போட்டேன். ஃபிளாப், அதாவது மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு: ஹார்ட் ஏழு, ஹார்ட் ஆறு, ஸ்பேட் ரெண்டு. இதைவிட நல்ல ட்ரா எனக்கு வந்ததே இல்லை.

நான் செக் (பணம் போடாமல் விடுவது), அவர் 1,000, நான் கால். டர்ன், அதாவது நாலாவது சீட்டு, கிளாவர் கிங். செக், 2,500, கால். ரிவர், அதாவது கடைசிச் சீட்டு, ஹார்ட் மூன்று. ஐந்து ஹார்ட், ஃபிளஷ் ஆகிவிட்டது.

நடுவில் சேர்ந்த பாட் 8,500. இரண்டு தடவை போட்டவர் மூன்றாவது தடவையும் போடுவார், அப்போது ஏற்றலாம் என்று செக் சொன்னேன். அவர் கை சிப்புக்குப் போனது. அப்புறம் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு இருந்தார். கையை இழுத்து, விரலால் மேசையில் இரண்டு தட்டு. செக். இரண்டு ஏஸைத் திருப்பினார், என் சீட்டைப் பார்த்தார், "நினைச்சேன்" என்றார்.

பாட் எனக்குத்தான். ஆனாலும் நாலு மாதமாக அந்தத் தட்டு காதை விட்டுப் போகவில்லை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் வந்ததிலிருந்து நேரில்தான் ஆடுகிறேன். இணையத்தில் எதிராளி செக் செய்தால் அடுத்த கை வந்துவிடும். இங்கே ஒருவர் மனம் மாறுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பாலைவன ராணி:
லாஸ் வேகாஸ், 1/3 டாலர் மேசை. ஸ்மால் பிளைண்டில் ஸ்பேட் ஏஸ், ஜாக். ஒருவர் 15 போட, இன்னொருவர் கால், நானும் கால். ஃபிளாப் ஸ்பேட் குயின், ஸ்பேட் பத்து, டைமண்ட் நாலு. செக் செய்தேன், அவர் 30 போட்டார், நடுவில் இருந்தவர் மடித்தார். நான் 280 டாலரையும் உள்ளே தள்ளினேன். யோசிக்காமல் கால் வந்தது.

டர்ன் ஸ்பேட். ஏஸ் ஃபிளஷ்! நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அப்புறம்தான் நம்பரைப் பார்த்தேன், அது ஸ்பேட் நாலு. அவர் கையில் மீதி இரண்டு நாலும். எனக்கு எது வர வேண்டும் என்று காத்திருந்தேனோ அதே சீட்டு அவருக்கு நாலு நாலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. என்னைக் காப்பாற்ற மிச்சமிருந்தது ஸ்பேட் கிங் ஒன்றுதான். வரவில்லை.

திரும்பி உட்கார்ந்ததுதான் கஷ்டமாக இருந்தது. மேசையில் எல்லோரும் நான் எழுந்ததைப் பார்த்திருந்தார்கள்.

சேலம்_ஸ்டாக்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். பெங்களூரில் நண்பர் வீட்டு ஆட்டம், ஃபிளஷ் ட்ராவோடு முதலில் நானே பெட் போட்டேன், எல்லோரும் மடித்துவிட்டார்கள்.

மாண்டவிக்கரை அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தவறு ரிவரில் இல்லை, ஃபிளாப்பில். உங்களுக்கு ஒன்பது ஹார்ட், அதோடு ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) ஹார்ட் அல்லாத மூன்று பத்து, மூன்று ஐந்து. மொத்தம் 15 அவுட், அதாவது உங்கள் கையை முடித்துக் கொடுக்கும் சீட்டு. இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது 54 சதவீதம். ஜோடி ஏஸ் வைத்திருந்தவரை விட நீங்கள்தான் முன்னால். டர்ன் தப்பியதும் அதே கை 33க்கும் கீழே இறங்கிவிடுகிறது. பலமாக இருந்தபோது சும்மா கால் போட்டு, பலம் குறைந்த பிறகும் காசு கட்டினீர்கள். 1,000 வந்ததும் 3,800க்கு ஏற்றியிருந்தால் பாதிப் பேர் அங்கேயே மடித்திருப்பார்கள். மடிக்காவிட்டாலும் டர்னில் முதலில் பேசுவது பாரமாகத் தெரியாது, ஏனென்றால் ஆட்டத்தை நடத்துபவர் நீங்கள். சரி, ஃபிளாப்பில் விட்டுவிட்டீர்கள், ரிவரில் ஹார்ட் விழுந்ததும் நீங்களே 3,000 போட்டிருக்க வேண்டும். மூன்றாவது ஹார்ட்டைப் பார்த்து ஒற்றை ஜோடிக்காரர் தானாகப் போட மாட்டார், ஆனால் நியாயமான தொகைக்குக் கால் போடுவார். 2003 உலகப் போக்கர் தொடரின் கடைசி ஆட்டத்தில் கிறிஸ் மணிமேக்கர் என்ன செய்தார்? டர்னில் ஸ்ட்ரெயிட்டுக்கும் ஃபிளஷ்ஷுக்கும் ட்ரா, ரெய்ஸ் அடித்தார். ரிவரில் எதுவும் வராமல் ஆல் இன், அதாவது இருந்த மொத்தத்தையும், போட்டார். எதிரே இருந்த சாமி ஃபர்ஹா ஜோடி ஒன்பதை மடித்தார். ட்ராவை அப்படித்தான் ஆட வேண்டும்.

கடைசி_இருக்கை:
மணிமேக்கரை இங்கே கொண்டுவருவது சரியில்லை. அந்தக் கையில் முதலில் பேச வேண்டியவர் ஃபர்ஹா. ரிவரில் ஃபர்ஹா செக் சொன்ன பிறகுதான் அந்த ஆல் இன் வந்தது. இந்தத் திரியே பொசிஷன் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதைப் பற்றியது.

அந்த 54ம் எதிரே ஒற்றை ஜோடி இருந்தால்தான். செட் (ஒரே எண்ணில் மூன்று) இருந்தால் 40 பக்கம் வந்துவிடும். ஏஸோடு பெரிய ஹார்ட் ட்ரா இருந்தால் நீங்கள் எண்ணிய ஹார்ட்டில் பெரும்பாலானவை விஷம். பிக் பிளைண்டைப் போல 200 மடங்கு பணம் முன்னால் இருக்கும்போது ஃபிளாப்பில் ஏற்றி, அவர் திருப்பி ஏற்றினால் என்ன செய்வீர்கள்? எனக்கு அது நடந்திருக்கிறது. செக் ரெய்ஸ் (முதலில் செக், எதிராளி போட்டதும் ஏற்றுவது) அடித்தேன், எதிரே இருந்த பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான், மூடியை நிதானமாகத் திருகினான், அப்புறம் "ஆல் இன்" என்றான். அதே 15 அவுட்டை நான் மடித்தேன். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் பாட்டில் மூடியைத் திருகினால் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ரிவரில் தானே பெட் போட வேண்டும் என்று சேலம் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

பாலைவன ராணி:
மடித்தது சரியா தப்பா என்று தெரியாமல் இருப்பது என் கதையை விட மோசம். நான் சீட்டையாவது பார்த்தேன்.

மாண்டவிக்கரை:
சேலம் தம்பி சொன்ன ஃபிளாப் கணக்கு அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது உயர ஃபிளஷ், பெரிய ஹார்ட் இருந்துவிட்டால் 40,000 போய்விடுமே என்ற பயம்தான் கால் போட வைத்தது. கடைசி_இருக்கை சொன்னதும் அதேதான். அதனால் ஃபிளாப்பைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அவர் சிப்பைத் தொட்டதோடு நிறுத்தவில்லை. ஆயிரம் ஆயிரமாக ஐந்து சிப்பை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட் கோட்டைத் தாண்டாமல் தன் பக்கமே அடுக்கினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்தார்.