18 வயதில் எழுதியதற்கு 27 வயதில் தண்டனையா?

கல்தூண்:
"பழைய பதிவைத் தோண்டி எடுப்பதில் தப்பே இல்லை, மன்னிப்பு கேட்டால் விட்டுவிட வேண்டுமா" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆலி ராபின்சனை மறந்துவிட்டாரா? 2021 ஜூன், லார்ட்ஸ், நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். காலையில் தொப்பி வாங்குகிறான், விக்கெட் எடுக்கிறான், அதற்குள் பழைய ட்வீட்டுகள் எல்லோர் கையிலும். அன்று மாலையே கேமரா முன்னால் நின்று மன்னிப்பு கேட்டான். ஆட்டத்தில் 7 விக்கெட் எடுத்தும் அடுத்த டெஸ்டில் இடமில்லை. 18 வயதுப் பையன் உளறியதற்கு 27 வயது மனிதன் அடி வாங்க வேண்டுமா?

மழைக்காகம்:
18 வயதா? அந்த ட்வீட்டுகள் 2012 முதல் 2014 வரை போட்டவை. அவர் பிறந்தது 1993 டிசம்பர். 2014-ல் 20 வயது. கணக்குப் போட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

கல்தூண்:
ஆரம்பித்தது 18-ல்தானே? நான் சொன்னதில் என்ன தப்பு?

மழைக்காகம்:
ஆரம்பித்தது 18, முடிந்தது 20. ஒரு நாள் உளறல் இல்லை, இரண்டு வருடம். இஸ்லாமியர்களையும் ஆசியர்களையும் பெண்களையும் இழிவாக எழுதியதை "பையன் உளறினான்" என்று மூடி மறைக்கிறீர்கள். போன மாதம் நடுவர் தீர்ப்பு பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் வருடத்தை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டீர்கள்.

கல்தூண்:
அந்தப் பேச்சு இங்கே எதற்கு? அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி, நீங்கள் பாதியில் ஓடிப்போனீர்கள். இன்னொன்று சொல்கிறேன். என் தம்பிக்கு வேலை உறுதியாகி, சேர நாலு நாள்தான் பாக்கி. கல்லூரியில் படித்தபோது போட்டு, அப்புறம் அவனே அழித்துவிட்ட ஒரு கமெண்டின் ஸ்க்ரீன்ஷாட்டை யாரோ அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டே வரி மின்னஞ்சலில் வேலை போனது. விளக்கம் சொல்லக்கூட விடவில்லை. அனுப்பியவர் யாரென்று இன்று வரை தெரியாது. அவனும் அப்போது 18 வயதுப் பையன்தான். அழித்ததை எடுத்து வைத்து வருடக்கணக்கில் காத்திருப்பவனுக்கு நியாயமாவது ஒன்றாவது!

தேன்சிட்டு:
தம்பிக்கு நடந்தது அநியாயம். ஆனால் ராபின்சன் கதை அப்படியா? 8 ஆட்டத் தடை, அதில் 5 நிறுத்திவைப்பு, மீதி 3 ஏற்கெனவே கழிந்துவிட்டது, 3,200 பவுண்டு அபராதம். ஆகஸ்டிலேயே ட்ரென்ட் பிரிட்ஜில் நம் அணிக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 5 விக்கெட். ஹெடிங்லியில் ஆட்டநாயகன். மன்னித்துவிட்டார்களே, இன்னும் என்ன வேண்டும்?

கல்தூண்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! அமைச்சர் "அதிகப்படி" என்று சொல்லி, பிரதமர் தரப்பே அதை ஆதரித்த பிறகுதான் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இறங்கி வந்தது. டிஸ்னி 2018-ல் ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன்னைப் பழைய ட்வீட்டுகளுக்காக நீக்கிவிட்டு, 2019 மார்ச்சில் திரும்ப அழைத்தது. அவசரப்பட்டு வெட்டுவது, அப்புறம் ஒட்டுவது.

தேன்சிட்டு:
பிரதமர் சொன்னதால்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? தீர்ப்பு சொன்னது தனி ஒழுங்குக் குழு.

மழைக்காகம்:
கன் எழுதியபோது நாற்பதைத் தாண்டியவர். அவரும் 18 வயதுப் பையனா?

கல்தூண்:
பேச்சை மாற்றாதீர்கள். நீங்கள் 18 வயதில் ஒன்றுமே தப்பாகச் சொன்னதில்லையா?

மழைக்காகம்:
சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மாதிரி வார்த்தைகளை வாங்கிக்கொண்ட பக்கத்தில் இருந்தவள் நான். வகுப்பில் என் நிறத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், இப்போது புகைப்படத்துக்கு லைக் போடுகிறார். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டதில்லை. கேட்காத ஒருவரை எப்படி மன்னிப்பது?

கல்தூண்:
ராபின்சன் கேட்டானே! அதே நாள் மாலையே கேட்டான்!

மழைக்காகம்:
மாட்டிய பிறகு கேட்டார். 2014-லிருந்து 2021 வரை அந்த ட்வீட்டுகள் அங்கேயேதான் இருந்தன, அழிக்கக்கூட இல்லை. வயதும் 18 இல்லை, 20.

கல்தூண்:
18.