புது ஆளுங்களுக்கு என்எச்எல்: முதல்ல பட்டனா, வலது ஸ்டிக்கா?

சாந்திநகர்_சென்டர்:
ஞாயித்துக்கிழமை பெங்களூர் எஜிபுரால நம்ம வீட்ல கூடுற செட்டுக்கு இப்ப புது ஆளுங்க நிறைய வர்றாங்க. எல்லாம் ஃபுட்பால் கேமும் பிஜிஎம்ஐயும் ஆடிப் பழகின கை. என்எச்எல் 25னு ஐஸ் ஹாக்கி வீடியோ கேமைப் போட்டுக் கொடுத்தா முதல் பீரியட் முடியறதுக்குள்ள கன்ட்ரோலரைப் பக்கத்து ஆள்கிட்ட நீட்டிட்டு போனை எடுத்துடுறாங்க. அதனால இனிமே புதுசா யார் வந்தாலும் செட்டிங்ஸ்ல பழைய என்எச்எல் 94 கேமோட கன்ட்ரோலுக்கு மாத்திக் கொடுக்கலாம்னு இருக்கேன். பாஸுக்கு ஒரு பட்டன், ஷாட்டுக்கு ஒரு பட்டன், அவ்வளவுதான். போன வாரம் வலதுகுச்சி இதுக்கு ஒத்துக்கல. இங்கயே பேசிடலாம்.

வலதுகுச்சி:
இப்பவும் ஒத்துக்க மாட்டேன். 2006ல என்எச்எல் 07 வந்தப்ப ஸ்கில் ஸ்டிக்கைக் கொண்டு வந்தாங்க. அன்னையிலேர்ந்து இந்த கேமோட உயிரே அந்த வலது ஸ்டிக்லதான் இருக்கு. மேல தள்ளினா ரிஸ்ட் ஷாட், மணிக்கட்டால சுண்டி அடிக்கிறது. கீழ இழுத்து மேல தள்ளினா ஸ்லாப் ஷாட், மட்டையை ஓங்கி அடிக்கிறது. இடம் வலமா ஆட்டினா பக் (பந்துக்குப் பதிலா இருக்கிற ரப்பர் வட்டு) மட்டையோடயே போகும். பாஸுக்கு கன்ட்ரோலர்ல ஆர்2 பட்டன். இதுல என்ன கஷ்டம்? பட்டன்ல பழகின கட்டைவிரலை அப்புறம் ஸ்டிக்குக்குக் கொண்டு வர்றதுதான் கஷ்டம். கோல் அடிச்சு ருசி பார்த்தவன் மறுபடி முதல்லேர்ந்து கத்துக்க உக்காரவே மாட்டான்.

சாந்திநகர்_சென்டர்:
ருசியே தெரியாம எழுந்து போறவனை என்ன பண்றது பாஸ்? இன்னொண்ணு, வீட்ல போய் பழகுன்னு சொல்லவும் வழியில்ல. என்எச்எல் 09க்கு அப்புறம் பிசிக்கு இந்த கேம் வரவே இல்ல. வர்றவங்கள்ல பாதிப் பேர்கிட்ட லேப்டாப் மட்டும்தான் இருக்கு. அவங்களுக்குப் பழக்கம்னா நம்ம ஞாயித்துக்கிழமை மட்டும்தான்.

வலதுகுச்சி:
அதனாலதான் சொல்றேன், இருக்கிற கொஞ்ச நேரத்தைத் தப்பான பழக்கத்துல செலவு பண்ணாதீங்க. ஃப்ரீ ஸ்கேட்ல விடுங்க. எதிராளி இல்லாத காலி ரிங்க், அதாவது வெறும் ஐஸ் மைதானம். முதல்ல சும்மா சுத்தட்டும்.

கம்மனஹள்ளி_அம்மு:
நான் போன மாசம்தான் வந்தேன், புது ஆளு சார்பா ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு ஷாட் ஒரு பிரச்சினையே இல்ல. நிக்கத்தான் முடியல. ஃபுட்பால் கேம்ல ஸ்டிக்கை விட்டா ஆளு நின்னுடுவான். இதுல விட்டாலும் வழுக்கிட்டே போறான். பக்கைப் பார்த்து ஓடினா தாண்டிப் போயிடுறேன், திரும்பி வர்றதுக்குள்ள அங்க கோல் விழுந்துடுது. சரி, தட்டியாவது பறிக்கலாம்னு ஆர்1ஐ விடாம அமுக்கினா எதிராளியைத் தடுக்கி விட்டேன், ட்ரிப்பிங்னு ரெண்டு நிமிஷம் வெளிய உக்கார வெச்சுட்டாங்க. இதுக்கு நடுவுல ரெண்டு காதுலயும் ரெண்டு பேர் "ஆர்2, ஆர்2, எல்2 அமுக்கு"ன்னு கத்துறீங்க. விசில் அடிச்சா மட்டும் ஏன் அடிச்சான்னு ஒருத்தரும் சொல்லல.

அண்ணா, 94 கொடுத்தாலும் ஸ்கில் ஸ்டிக் கொடுத்தாலும் இந்த வழுக்கல், பெனால்டி, விசில் மூணும் அப்படியேதானே இருக்கும்?

டர்ஃப்_மணி:
அம்மு சொல்றதுதான் சரி. அக்கிதிம்மனஹள்ளி ஹாக்கி ஸ்டேடியத்துல மேட்ச் பார்த்து வளர்ந்தவன்ங்கிற முறையில ஒண்ணு சேர்த்துக்கிறேன். நம்ம ஊர்ல ஹாக்கின்னா புல்தரை ஹாக்கிதான். அதுல 1998லயே ஆஃப்சைடை எடுத்துட்டாங்க. அதைப் பார்த்துப் பழகினவன் நீலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பக்குக்கு முன்னாடியே போய் நிக்கத்தான் செய்வான், ஐஸ் ஹாக்கில அது ஆஃப்சைட். நம்ம மட்டையில தட்டைப் பக்கம் மட்டும்தான் பந்துல படணும். ஐஸ்ல ரெண்டு பக்கமும் செல்லும், பேக்ஹேண்ட்லயே கோல் அடிக்கலாம். கோலுக்குப் பின்னாடி பந்து போனா நமக்கு ஆட்டம் நின்னுடும், அங்க பின்னாடி போய் நின்னுதான் அட்டாக்கே ஆரம்பிப்பான். இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சா பாதி பயம் போயிடும். மேட்சுக்கு முன்னாடி டீ குடிக்கிற நேரத்துல சொல்லிடலாம்.

முதல் நாள் ஆஃப்சைட், ஐசிங் (நம்ம பாதிலேர்ந்து பக்கை எதிர் கோல் கோட்டைத் தாண்டி அடிச்சு விடுறது), பெனால்டி மூணையும் செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிடுங்க. கேம் ஸ்பீட் ஸ்லைடரைக் குறைங்க. கம்ப்யூட்டர் டீமை ரூக்கில, அதாவது ஈஸி லெவல்ல, வைங்க.

வலதுகுச்சி:
ஸ்பீடைக் குறைக்கலாம், ரூக்கியும் சரி. பெனால்டியை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க மணி அண்ணே. ஆர்1ஐ அடிச்சுக்கிட்டே இருந்தா தண்டனை இல்லன்னு ஆயிட்டா அந்தக் கை ஜென்மத்துக்கும் திருந்தாது. எல்2 பிடிச்சுப் பின்னோக்கி ஸ்கேட் பண்ணிக்கிட்டே எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்கணும், மட்டை கிட்ட வந்ததும் ஒரே ஒரு தட்டு. டிஃபென்ஸே அதுதான். ரெண்டு நிமிஷம் நாலு பேரோட ஆடினாதான் அது மண்டையில ஏறும்.

சாந்திநகர்_சென்டர்:
அம்முவுக்கு ஏறிச்சா? எரிச்சல்தானே வந்துச்சு. பெனால்டி ரெண்டாவது வாரத்துக்கு இருக்கட்டும் பாஸ். ஆன்-ஐஸ் ட்ரெய்னரைப் போட்டா என்ன? என்எச்எல் 16லேர்ந்து இருக்கு. ஆளுக்கு மேலேயே என்ன அமுக்கணும்னு காட்டும், நாம கத்த வேண்டியதில்ல.

வலதுகுச்சி:
அதுல எனக்கு நம்பிக்கை இல்ல. தலைக்கு மேல வர்ற குறியைப் பார்த்துக்கிட்டே இருந்தா பக்கை யார் பார்க்கிறது?

கம்மனஹள்ளி_அம்மு:
எனக்கு அது உதவுச்சு, ஆனா ஷாட் அடிக்கிறப்ப மட்டும். கோல்ல எந்தப் பக்கம் குறி போகுதுன்னு காட்டுது பாருங்க, அப்பதான் இடது ஸ்டிக்காலதான் குறி வைக்கிறோம்னே புரிஞ்சுது. அதை யாரும் வாயால சொல்லல. டிஃபென்ஸ்ல அது எனக்குச் சுமைதான்.

எனக்குப் பிடிச்சது வேற. கடைசி மேட்ச்ல மணி அண்ணா என் டீம்லயே சேர்ந்து ஆடினாரு. பக்கை அவர் எடுத்துட்டு வருவாரு, நான் கோலுக்கு முன்னாடி நின்னு தள்ளி விட்டேன். வேற எதையும் யோசிக்க வேண்டியிருக்கல. இப்ப எந்தப் பக்கம் வழுக்கும்னு கைக்கே தெரியுது.

டர்ஃப்_மணி:
தங்கச்சி நின்ன இடம் சரியான இடம். பழைய ஆளு ஒருத்தர், புது ஆளு ஒருத்தர், ஒரே டீம். எதிர்ல கம்ப்யூட்டர். பழைய ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிக்கிறதெல்லாம் ராத்திரி வெச்சுக்கலாம்.

வலதுகுச்சி:
ஒரே டீம்னா நான் ரெடி. ஆனா என் பக்கத்துல உக்கார்ற ஆளுக்கு ஸ்கில் ஸ்டிக்தான். 94 வேணும்னா சென்டர் பக்கத்துல உக்காரட்டும். ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பேரையும் எதிரெதிரா விட்டுப் பார்ப்போம்.

சாந்திநகர்_சென்டர்:
சம்மதம். இந்த ஞாயிறு சாயங்காலம் 4 மணி. முதல் அரை மணி காலி ரிங்க், வலதுகுச்சி கேட்ட மாதிரியே. அப்புறம் ரூல்ஸ் ஆஃப், ஸ்பீட் கம்மி. சொல்லிக் கொடுக்கிறது பக்கத்துல உக்கார்றவர் மட்டும், சோஃபால இருக்கிறவங்க வாயைத் திறக்கக் கூடாது. என்கிட்ட கன்ட்ரோலர் மூணுதான் இருக்கு, பிஎஸ்5 கன்ட்ரோலர் வெச்சிருக்கிறவங்க ஒண்ணு சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க.