‘ஹம்பிள்’ என்ற ஆங்கில வினைச்சொல்: பணிவா, அவமானமா?

களுவாஞ்சிகுடி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். சென்ற கிழமை கொடுத்த மொழிபெயர்ப்புப் பயிற்சியில், விருது பெற்ற ஒருவர் மேடையில் சொல்வதாக ‘ஐ ஆம் ஹம்பிள்ட் பை திஸ் ஒனர்’ என்றொரு வசனம் இருந்தது. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி அதை ‘இந்தக் கௌரவத்தால் நான் சிறுமைப்படுத்தப்பட்டேன்’ என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையை எடுத்தேன். ஆனால் கோடிட மனம் வரவில்லை. அவள் அகராதியைப் புரட்டிப் பார்த்தே எழுதியிருக்கிறாள், அகராதியிலும் அந்த வினைக்கு நேரே ‘தாழ்த்து, சிறுமைப்படுத்து, செருக்கடக்கு’ என்றுதான் இருக்கிறது. மதிப்பளிக்கப்பட்ட ஒருவர் தாழ்த்தப்பட்டதாகச் சொல்வது எப்படி என்று அவள் கேட்டால், ‘அது ஆங்கில வழக்கு’ என்பதற்கு மேல் நான் என்ன சொல்வது? அவமானப்படுத்துவதைக் குறிக்கும் ‘ஹியூமிலியேட்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதானா? தெரிந்தவர்கள் விளக்கினால் அடுத்த வகுப்பில் உதவியாக இருக்கும்.

அக்கரைப்பற்று வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு, இரண்டு சொற்களும் ஒரே வேரில் முளைத்தவைதாம், அந்த வேர் மண். இலத்தீனில் ‘ஹியூமஸ்’ என்றால் நிலம். இலைதழை உக்கி உண்டாகும் கரிய மண்ணுக்கு நமது விவசாயப் பாடநூல்கள் சொல்லும் அதே ஹியூமஸ். நிலத்தோடு ஒட்டியிருப்பது, உயராதது என்ற பொருளில் அதிலிருந்து ‘ஹியூமிலிஸ்’ பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் பெயரடையாக வந்து, 14ஆம் நூற்றாண்டில் வினையாகவும் வழங்கத் தொடங்கியது. ‘ஹியூமிலியேட்’ 16ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்தே எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் அதற்கும் தாழ்த்துதல் என்ற பொருள்தான் இருந்தது, பலர் முன்னிலையில் மானத்தைக் கெடுத்தல் என்ற கடுமை பின்னால் வந்து சேர்ந்தது. சமஸ்கிருதத்தில் நிலத்தைக் குறிக்கும் ‘க்ஷம்’ என்ற சொல்லும், தரையில் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான ‘கமாய்’யும் இதே குடும்பம். பச்சோந்திக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கமீலியன்’ என்ற பெயர் கிரேக்கத்தில் ‘தரைச் சிங்கம்’ என்று பொருள்படும். அதன் முற்பாதியில் இருப்பதும் அந்தக் ‘கமாய்’தான்.

எனக்கு இது வயல் வட்டைக்குள் நின்று பார்த்தால்தான் விளங்குகிறது. பெரும்போகத்து நெல் வேளாண்மை மாசி மாதத்தில் முற்றி நிற்கும்போது கதிர், மணியின் பாரத்தால் தானாகவே தலை சாய்க்கும். தாள் நிமிர்ந்தே நிற்கும். அறுவடைக்கு இரண்டு நாள் இருக்கையில் காற்றோடு மழை அடித்தால் அதே பயிர் தாளோடு சரிந்து சேற்றில் படுத்துவிடும், வெட்டு மெசினுக்கும் சரியாக அகப்படாது. இரண்டிலும் கதிர் மண்ணை நோக்கித்தான் போகிறது. ‘ஹம்பிள்’ என்பதற்குள் இந்த இரண்டுக்கும் இடமுண்டு. ‘ஹியூமிலியேட்’ என்பதற்குள் இன்று காற்றடித்துச் சாய்ந்த பயிர் மட்டுமே இருக்கிறது.

விளையாட்டுச் செய்திகளில் ஒரு சிறிய அணி பெரிய அணியை ‘ஹம்பிள்’ செய்தது என்று எழுதுவார்கள். அந்த இடத்தில் தமிழ்ப் பத்திரிகை ‘மண்கவ்வச் செய்தது’ என்று எழுதும். இலத்தீனைக் கேட்காமலே நாமும் மண்ணுக்குத்தான் போயிருக்கிறோம்.

மட்டுநகர், ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

மகள், உங்கள் மாணவிக்குப் புள்ளியைக் குறைத்தாலும் அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் ஆங்கில வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் நின்று யோசித்திருக்கக்கூடிய இடத்தில்தான் அவளும் நிற்கிறாள். லூக்கா 14ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தைப் பாருங்கள். தன்னை உயர்த்துகிறவன் தாழ்த்தப்படுவான் என்ற முதற்பாதியில் ‘அபேஸ்’ என்ற வினையும், தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான் என்ற பிற்பாதியில் ‘ஹம்பிள்’ என்ற வினையும் வருகின்றன. கிரேக்க மூலத்தில் இரண்டிடத்திலும் ஒரே வினைதான்; இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் இரண்டிடத்திலும் ‘ஹியூமிலியாரே’தான். பிறரால் தாழ்த்தப்படுவதற்கு ஒன்று, தானாகத் தாழ்வதற்கு வேறொன்று என்று ஆங்கிலம் பிரித்துக்கொண்டது. அந்த ‘அபேஸ்’ தாழ்ந்தது, குட்டையானது என்று பொருள்பட்ட பிற்கால இலத்தீன் ‘பாஸுஸ்’ வழி வந்தது. அதில் மண் இல்லை, உயரக் குறைவு மட்டுமே உண்டு. நமது தமிழ் வேதாகமமோ மூலத்தைப் போலவே இரண்டுக்கும் ‘தாழ்த்து’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு, ‘தன்னைத்தான்’ என்ற சொல்லைச் சேர்த்து வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

ஆகவே தாழ்த்துகிறவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி. தமிழிலும் ‘தாழ்மை’ ஒரு நற்பண்பு. ‘தாழ்த்தப்பட்டவர்’ என்பதோ ஒரு சமூகத்தின் மீது மற்றவர்கள் இழைத்த அநீதியின் பெயர். அடி ஒன்றேதான். ‘தலைவணங்குதல்’, ‘தலைகுனிதல்’ என்ற இரண்டிலும் ஒரே தலை ஒரே பக்கம்தான் சாய்கிறது, ஆனால் முதலாவது மரியாதை, இரண்டாவது வெட்கம். தமிழ் பேசுகிற எவரும் இவற்றை மாற்றிச் சொல்லமாட்டார்.

உங்கள் வசனத்தில் தாழ்த்துகிறவர் என்று ஒருவருமில்லை. கௌரவத்தின் பெருமைக்கு முன் பேசுகிறவர் தன் சிறுமையைத் தானே உணர்கிறார். ‘படுத்தப்பட்டேன்’ என்று எழுதிய உடனே இல்லாத பகைவன் ஒருவன் அந்த மேடையில் ஏறிவிடுகிறான். அகராதியில் பிழையில்லை, அந்தச் செயப்பாட்டு வினைதான் அவளை இடறிவிட்டது.

கல்முனை மாணவன்

ஆசிரியர்களுக்கு வணக்கம். மன்னிப்புக் கேட்டு இறங்கிப் போவதை ஆங்கிலத்தில் ‘ஹம்பிள் பை’ சாப்பிடுவது என்கிறார்களே, அதுவும் இந்த மண்தானா?

அக்கரைப்பற்று வாசகர்

இல்லை தம்பி. மானின் ஈரல், குடல் முதலிய உள்ளுறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் ‘நம்பிள்ஸ்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. முதலெழுத்துத் தேய்ந்து அது ‘அம்பிள்ஸ்’ ஆகி, அதை மாவுக்குள் பொதிந்து சுட்ட ‘பை’ என்ற பண்டம் ‘அம்பிள் பை’ ஆயிற்று. ஓசை ஒத்ததால் 19ஆம் நூற்றாண்டில் அதைச் சிலேடையாகப் பணிவோடு சேர்த்துவிட்டார்கள். ஈரலிப்பைக் குறிக்கும் ‘ஹியூமிட்’ என்ற சொல்லுக்கும் மண்ணோடு உறவில்லை. அது ‘ஊமிடுஸ்’ என்ற வேறொரு இலத்தீன் சொல், ஹியூமஸ் என்று தவறாக எண்ணித்தான் முன்னால் ‘ஹ’ ஒலிக்குரிய எழுத்தைச் சேர்த்தார்கள்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை

ஐயாவுக்கும் அக்கரைப்பற்று அன்பருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வகுப்பில் ‘தலைவணங்கு’, ‘தலைகுனி’ இரண்டையும் பலகையில் எழுதி, எது பொருந்தும் என்று கேட்டேன். அந்த மாணவியே எழுந்து, ‘இந்தக் கௌரவத்தின் முன் நான் எவ்வளவு சிறியவன் என்பதை உணர்ந்து தலைவணங்குகிறேன்’ என்றாள். வசனம் மூலத்தைவிட நீண்டுவிட்டது, ஆனாலும் முழுப் புள்ளி கொடுத்தேன்.