பெற்றோர் வகுப்புக்கு உதவி: ‘பிரம்பு’ வசனத்தை எப்படிப் படிப்பிக்கலாம்?

அன்பின் சகோதரங்களே,

மட்டக்களப்பில் தாய் தகப்பன்மாருக்கு 45 நிமிட வகுப்பொன்று ஆயத்தமாகிறது. பொருள்: பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்தல்.

சிக்கல் நீதிமொழிகள் 13:24இல் தொடங்குகிறது: ‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்.’ அந்த வசனத்தோடு நிறுத்தினால், கூரையில் செருகியிருக்கும் பூவரசந்தடிக்கு வேதமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். எபிரேயத்தில் அங்கே பிரம்புக்கு வரும் சொல் ‘சேவெத்’. சங்கீதம் 23:4இல் மேய்ப்பனின் கோலுக்கும் அதே சொல்தான். ஆனால் இந்த விளக்கம் மட்டும் காணாது. நீதிமொழிகள் 23:13 ‘பிரம்பினால் அடித்தால்’ என்று நேராகவே சொல்கிறதே என்று கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான்.

எபேசியர் 6:4இல் ‘சிட்சை’ என்றதும் நம் காதில் தண்டனைதான் விழுகிறது. கிரேக்கத்தில் அது ‘பைதேயா’, பயிற்றி வளர்த்தல். அதே வசனம் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே என்று தகப்பனுக்கும் எல்லை போடுகிறது. கொலோசெயர் 3:21 காரணமும் சொல்கிறது: பிள்ளை திடனற்றுப்போகும். கோபத்தில் அடி வாங்கும் பிள்ளை பிழையை விடாது, மறைக்கத்தான் பழகும்.

வீட்டில் செய்ய நாங்கள் வைத்திருப்பது: முதலில் கோபம் ஆறட்டும், குனிந்து, பிள்ளையின் கண்ணைப் பார்த்து, பிழையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், கொட்டியதைத் துடைக்க வையுங்கள், பிறகு அணைத்து ஜெபியுங்கள்.

வேண்டிய உதவி: நீதிமொழிகள் 23:13க்கு நேர்மையான விளக்கம், கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு சீராக் 30ஐ (அவர்களின் வேதாகமத்தில் உள்ள நூல், அதுவும் மகனை அடித்து வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறது) படிப்பிக்கும் விதம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்தப் பாடம் எடுத்தவர்கள் கீழே எழுதுங்கோ.