ரப்பர் முகம் போட்ட 'ஈவில் டெட்' டிவிடி: சென்னையில் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாம் ரெய்மி எடுத்த பேய்ப் படம் 'ஈவில் டெட்', 2002-இல் அமெரிக்காவில் வந்த அதன் டிவிடியின் 'புக் ஆஃப் தி டெட்' பதிப்பு இன்னும் யாரிடமாவது இருக்கிறதா? சாதாரண பிளாஸ்டிக் டப்பாவைக் கேட்கவில்லை. படத்தில் வரும் மந்திரப் புத்தகம் மனிதத் தோலில் கட்டி, ரத்தத்தில் எழுதியது அல்லவா, அதே மாதிரி வாய் பிளந்த முகத்தோடு ரப்பர் அட்டை போட்டு வந்ததே, அதைத்தான் கேட்கிறேன். படத்துக்கு அந்தப் புத்தகத்தைச் செய்த டாம் சல்லிவன்தான் இந்த அட்டையையும் வடிவமைத்தார். உள்ளே அவர் வரைந்த படங்களும் உண்டு. சேகரிப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

என்னுடையது நியூஜெர்சியிலிருந்து அத்தை பையன் கொண்டுவந்தது. சூட்கேஸைத் திறந்ததுமே புது டயர்க் கடை நெடி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது பொணத்து மூஞ்சி? பூஜை ரூம் இருக்கிற வீட்டுல இதை எங்க வைப்பே?" என்றார். "அத்தை, இது டிவிடி" என்று அவன் திறந்து தட்டைக் காட்டினான். தட்டைப் பார்த்தபின் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் தீர்ப்பு: பரண்.

டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கு ரீஜன் எண் உண்டு. அமெரிக்கத் தட்டு ரீஜன் 1, நம் ஊருக்கு ரீஜன் 5. அப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிளேயர் வாங்கினால் கடைக்காரரே ரிமோட்டில் ஏதோ எண்களைத் தட்டி எல்லா ரீஜனும் ஓடும்படி செய்து கொடுப்பார், அதனால் அது பெரிய தொல்லையாக இல்லை. படத்தோடு கூடவே இயக்குநர் சாம் ரெய்மியும் தயாரிப்பாளர் டாப்பர்ட்டும் பேசிக்கொண்டே வரும் ஒலித்தடம் ஒன்று, கதாநாயகன் புரூஸ் கேம்ப்பெல் தனியாகப் பேசுவது ஒன்று. கேம்ப்பெல் பேசுவதைக் கேட்டால் படம் திரும்ப பயமுறுத்தவே செய்யாது, அவ்வளவு சிரிப்பு. டென்னசியில் குளிரில் நடுங்கிக்கொண்டு, பாகுபோல ஒட்டும் போலி ரத்தத்தோடு நாள் முழுக்க நின்ற கதையெல்லாம் வரும்.

படம் இருக்கட்டும், அட்டைக்கு வருகிறேன்.

பரண் என்றால் மொட்டை மாடிக்கு நேர் கீழே. கத்திரி வெயிலில் அங்கே கை வைத்தால் சுடும். சில வருஷம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் இறக்கியபோது எடுத்துப் பார்த்தேன். இடது கன்னத்தில், உதட்டோரமாக, பலாப்பழப் பால் மாதிரி கையில் ஒட்டியது. விரலை எடுத்தால் பழுப்பு மை கூடவே வந்தது. சுற்றி வைத்திருந்த டிஷ்யூ பேப்பர் நெற்றிச் சுருக்கங்களுக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகுப் பக்கம், மடியும் இடத்தில், எதிர்மாறாக வறண்டு வெடித்திருந்தது. ஒரே அட்டையில் ஒரு பக்கம் இளகல், ஒரு பக்கம் இறுகல்.

இதில் தயாரிப்பாளரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இது ஃபோம் லேட்டக்ஸ். ரப்பர் மரத்துப் பாலை நுரையாக அடித்து, அச்சில் ஊற்றி, வேகவைத்து எடுப்பது. சினிமாவில் பேய் முகமூடி செய்யும் அதே சரக்கு. ஒரு படப்பிடிப்புக்குத் தாங்கினால் போதும் என்று செய்யப்படுவதை அலமாரியில் பல வருஷம் வைக்கிறோம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுக்கும். முதலில் பிசுபிசுப்பு, அப்புறம் இறுகி உதிரும். நுரை என்பதால் காற்று உள்ளே வரை போகும், வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். இதில் சென்னையின் வெக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீல் பிரிக்காமல் வைத்தால் தப்பிக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அண்ணா நகரில் நண்பர் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஏசி அறையில்தான் இருந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் மூக்கில் ஒட்டி, அங்கே மட்டும் தோல் பளபளவென்று ஈரமாகத் தெரிந்தது. அவர் அதைத் திறக்கவும் முடியாது, விடவும் முடியாது. என் கருத்து, அதைத் திறந்து நாலு பேர் கையில் கொடுத்துப் பார்க்க வைப்பதே மேல். எப்படியும் போகப்போகிற ஒன்று. அதோடு, அழுக அழுக அது நிஜமாகவே அந்தப் படத்துப் புத்தகமாகிக்கொண்டு வருகிறது. முதல் நாள் பார்த்தபோது நன்றாகச் செய்த பொம்மை. இப்போது தொடவே மனசு கூசுகிறது.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கொளத்தூரிலிருந்து:

என்னிடம் இருப்பது இரண்டாம் பாகத்தின் புத்தகம், 2005-இல் வந்தது. அதில் கண்ணை அழுத்தினால் அலறும். சின்ன சத்தம்தான் என்று நினைத்து மாமியார் வீட்டுக்கு எடுத்துப் போனேன், மச்சானுக்குக் காட்டலாம் என்று. பைக்குள் இருந்தது. ராத்திரி கரண்ட் போய் எல்லோரும் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். யாரோ இருட்டில் புரண்டு பையின் மேல் கையை ஊன்றிவிட்டார்கள். மாமியார் முருகா முருகா என்று எழுந்து உட்கார்ந்ததும், மாமனார் திருடன் என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்ததும், மச்சான் மட்டும் போர்வைக்குள் சிரித்ததும்... விடிந்தபின் மாமனார் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம்: "மாப்ளே, ஆபீஸ்ல எல்லாம் நல்லா போகுதா?"

பேட்டரி இப்போது இறங்கிவிட்டது. அழுத்தினால் அலறலுக்குப் பதில் இருமல் மாதிரி ஏதோ வருகிறது. எனக்கு அந்த இருமல்தான் அதிகப் பயம். ரப்பர் இன்னும் பரவாயில்லை, கண்ணைச் சுற்றி மட்டும் கீறல்.

ஜாபர்கான்பேட்டையிலிருந்து:

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளம் முழுக்க அடையாற்றுத் தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது எல்லாம் போனது, என்னிடம் இருந்த இதே ரப்பர் புத்தகமும்தான். நாங்கள் மொட்டை மாடியில் இருந்தோம், அந்த நேரத்தில் டிவிடி ஞாபகமே வரவில்லை. தண்ணீர் வடிந்து சேறு வாரும்போதுதான் வீட்டுக்காரி அதைக் கையில் எடுத்துவிட்டு வீறிட்டாள். சேற்றுக்குள்ளிருந்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு முகம் வந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

சேகரிப்பவர்களுக்கு உபயோகமான விஷயம் சொல்கிறேன். தட்டு பிழைத்தது. நல்ல தண்ணீரில் கழுவி, மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. இன்றைக்கும் ஓடுகிறது. டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டியிருப்பார்கள், தகவல் நடுவில் பத்திரமாக இருக்கும். பக்கத்திலேயே இருந்த விசிடிகள் அப்படி இல்லை. அவற்றில் வெள்ளிப் பூச்சு லேபிளுக்கு அடியில் மேலாகவே இருப்பதால் உரிந்து தண்ணீரில் மினுமினுத்து மிதந்தன. என் கல்யாண விசிடியும் அதில் போனது. பேய்ப் படம் தப்பியது, கல்யாணம் தப்பவில்லை என்று வீட்டில் இன்னும் கிண்டல்.

புத்தகத்தின் உள்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. ரப்பர் அட்டையை நிழலில் காயவைத்தேன், பூசணம் பிடித்தது. குப்பை வண்டிக்குக் கொடுத்தேன். வாங்கிய அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ராயபுரத்திலிருந்து:

தம்பிகளா, ரப்பர் அட்டைக்கு இவ்வளவு வருத்தமா? நாங்கள் இந்தப் படத்தைப் பார்த்தது கேசட்டில். டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகை, மூன்று படம். முதலில் பெரியவர்களுக்கு சாமி படம், அப்புறம் ரஜினி படம், பெண்களும் குழந்தைகளும் தூங்கியதும் இது. அட்டையில் வெள்ளைத்தாள் ஒட்டி பேனாவில் பெயர் எழுதியிருக்கும். எத்தனையாவது காப்பிக்குக் காப்பியோ, காட்டில் ஓடி வருவது பேயா புள்ளியா என்று தெரியாது. ஒன்று சொல்கிறேன், தெரியாததால்தான் பயம். இப்போது என் பையன் பெரிய டிவியில் போட்டுக் காட்டினான், பேயின் முகத்தில் மேக்கப் விளிம்பே தெரிகிறது.

தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தால் பரிசு தருவார்கள் என்று ஒரு கதை அப்போது எங்கள் தெருவில் ஓடியது. யார் தருவார்கள், எங்கே போய் வாங்குவது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வாங்கியவனின் சொந்தக்காரனைத் தெரிந்தவன் எல்லாத் தெருவிலும் இருந்தான்.

பூசணம் அப்போதும் இருந்தது. மழைக்காலம் முடிந்து கேசட்டை எடுத்தால் நாடாவின் ஓரம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல் இருக்கும். அதை அப்படியே போட்டால் டெக்கின் ஹெட்டில் ஏறிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். அதனால் மெக்கானிக் கடையில் ஒரு பழைய டெக்கைப் பூசணக் கேசட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றி, முன்னும் பின்னும் ஓடவிட்டு, துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். பர்மா பஜாரில் வாங்கிய ஒரு ஒரிஜினல் கேசட்டை இன்னும் வைத்திருக்கிறேன், ஓட்ட டெக்தான் இல்லை.

வேளச்சேரியிலிருந்து:

அட்டையைப் பார்த்து மயங்கியவர்கள் தட்டைப் பார்க்கவில்லையே. படம் 16 எம்எம் பிலிமில், பழைய டிவி மாதிரி 1.33:1 சட்டகத்தில் எடுத்தது. இந்தப் பதிப்பில் மேலும் கீழும் வெட்டி, அகலமான 1.85:1 ஆக்கியிருக்கிறார்கள். கதை நடக்கும் காட்டுக் குடிசையின் உத்தரமும் தரையும் காணாமல் போகிறது. 2018-இல் இன்னும் தெளிவான 4கே பதிப்பு வந்துவிட்டது, படம் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். ரப்பருக்குக் காசு கொடுப்பது வீண்.

முதலில் எழுதியவரின் பதில்:

வேளச்சேரி நண்பருக்கு, வெட்டு பற்றி நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் 1980களில் வழக்குப் போட்டுத் துரத்தி, 2001 வரை தணிக்கை வெட்டில்லாமல் விடாத படம் இது. அதற்கு ஒரு கௌரவமான உருவம் கொடுத்தார்கள் என்பதற்காகவே அந்த ரப்பர் எனக்குப் பிடிக்கும். படம் பார்க்க 4கே, கையில் வைத்துப் பார்க்க இது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ராயபுரம் அண்ணனுக்கு, டெக் கிடைத்தால் சொல்கிறேன். அந்தக் கேசட்டைப் பார்க்க நானும் வருவேன்.

தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டவர்களுக்காக: பிசுபிசுப்பு ஆரம்பித்தால் பெயிண்ட் பிரஷ்ஷில் கொஞ்சம் முகப் பவுடரைத் தொட்டு மேலாகத் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். நான் குட்டிக்கூரா போடுகிறேன். பிணத்து முகத்தில் குட்டிக்கூரா வாசனை அடிப்பதை அம்மா மட்டும் ரசிக்கிறார். இது அழுகலை நிறுத்தாது, ஒட்டாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். பரண் வேண்டாம், வெயில் படாத, குளிர்ச்சியான அலமாரி. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாதீர்கள். வடை தின்ற கையோடு தொட விடாதீர்கள், எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் பக்கத்தில் வேண்டாம், செம்பு பட்டால் ரப்பர் இன்னும் சீக்கிரம் கெடும். தட்டை வெளியே எடுத்து வேறு டப்பாவில் வைத்துவிடுங்கள், கசியும் ரப்பரோடு அதற்கு என்ன வேலை?

வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் முகத்தின் போட்டோவை மட்டும் வாங்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். பிசுபிசுப்பு போட்டோவில் தெரியாது, முதுகின் வெடிப்பு தெரியும். முதுகுப் பக்கத்தை, புத்தகத்தைத் திறந்து வைத்து எடுத்த போட்டோ கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விலையைப் பாதியாக்கிப் பேச ஆரம்பிக்கலாம்.