ஜென்கின்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் கிட் சர்வரைத் தட்டுகிறது, எப்படிக் குறைப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஜென்கின்ஸில் (நிரலைத் தானாக பில்ட், டெஸ்ட் செய்யும் மென்பொருள்) 180 ஜாப். எல்லாவற்றிலும் ‘போல் எஸ்சிஎம்’ (நிரல் மாறியிருக்கிறதா என்று கிட் சர்வரிடம் ஜென்கின்ஸே போய்ப் பார்ப்பது, அதாவது போலிங்) டிக் செய்து ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு ஒரு முறை. பத்து ஜாப் இருந்த காலத்தில் யாரோ போட்டதைக் காப்பி செய்து காப்பி செய்தே இங்கே வந்து நிற்கிறோம். வரிசை சேர்கிறதே என்று, ஒரே நேரத்தில் ஓடும் போலிங் வரம்பையும் 100 ஆக்கினேன். இப்போது ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் கிட் சர்வர் திணறுகிறது, போலிங் லாகில் ‘கனெக்‌ஷன் குளோஸ்ட் பை ரிமோட் ஹோஸ்ட்’ என்று வருகிறது, மறுபடி ஓடவிட்டால் அதே ஜாப் ஒழுங்காகப் போகிறது. சர்வரைப் பெரிதாக்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். உங்கள் கணக்குப்படி ஒரு நாளைக்கு 2,59,200 இணைப்பு, அதில் முக்கால்வாசிக்கும் மேல் ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்ற பதிலுக்காக. கிட் சர்வரின் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான இணைப்பு வழி) பக்கம் மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் (லாகின் முடியாத இணைப்புக்கான வரம்பு) இயல்பாக 10:30:100 என்றிருக்கும். லாகின் முடியாமல் நிற்கும் இணைப்பு பத்தானதும் புதிதாக வருவதில் 30 சதவீதத்தைத் துண்டிக்க ஆரம்பிக்கும், எது என்று கணக்கில்லை. அதனால்தான் மறுபடி ஓட்டினால் போகிறது. வரம்பை 10-க்கு இறக்குங்கள், நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ‘எச்/15 * * * *’ போடுங்கள் (எச் ஆங்கிலப் பெரிய எழுத்தில்; 15 நிமிடத்துக்கு ஒரு முறை). ஜாப் பெயரை வைத்து நேரத்தைப் பிரித்துவிடும், நிமிடத்துக்குச் சுமார் 12 தான் கிளம்பும்.

பதில் 2:
அது முதலுதவி. புஷ் (நிரல் மாற்றத்தைக் கிட் சர்வருக்கு அனுப்புவது) நடந்தால் சர்வரே சொல்லட்டும். போஸ்ட்-ரிசீவ் ஹுக்கில் (புஷ் வந்ததும் கிட் சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்) கர்ல் (வலை முகவரியை அழைக்கும் கட்டளை) வைத்து ஜென்கின்ஸின் ‘/கிட்/நோட்டிஃபைகமிட்’ முகவரியை ரெப்போ (நிரல் களஞ்சியம்) யுஆர்எல்லோடு அழையுங்கள். கிட் பிளகின் புதிதாக இருந்தால் டோக்கனும் (அனுமதிக் குறியீடு) கேட்கும், செக்யூரிட்டி பக்கத்தில் எடுக்கலாம். ஜாபில் ‘போல் எஸ்சிஎம்’ டிக் அப்படியே இருக்கவேண்டும், நேரக் கட்டத்தை மட்டும் காலி செய்யுங்கள். டிக்கையும் எடுத்துவிட்டு ஹுக் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்லுக்கு ஐந்து விநாடி வரம்பும் வையுங்கள், ஜென்கின்ஸ் மந்தமாக இருந்தால் புஷ் செய்தவரின் டெர்மினலும் சேர்ந்து காத்திருக்கும்.

இன்னொன்று, ‘எக்ஸ்க்ளூடட் ரீஜன்ஸ்’ (சில கோப்புகள் மட்டும் மாறினால் கண்டுகொள்ளாதே என்ற அமைப்பு) வைத்த ஜாப் இருக்கிறதா? அவற்றுக்கு ‘எல்எஸ்-ரிமோட்’ (கடைசி கமிட் எது என்று மட்டும் சர்வரிடம் கேட்பது) போதாது, வொர்க்ஸ்பேஸில் (ஜாபின் வேலைக் கோப்புறை) ஃபெட்ச் செய்துதான், அதாவது மாற்றங்களை இறக்கித்தான் பார்க்கும்.

கேட்டவர்:
எச்/15 போட்டதுமே துண்டிப்பு நின்றது, அப்புறம் ஹுக்கும் வைத்தேன். 178 ஜாப் புஷ் முடிந்த கையோடு கிளம்புகின்றன, இரண்டு மட்டும் அசையவே இல்லை.

பதில் 2:
அந்த இரண்டிலும் ரெப்போ யுஆர்எல்லைப் பாருங்கள். ஹோஸ்ட் பெயருக்குப் பதில் ஐபி இருக்கும், ஹுக் அனுப்பும் யுஆர்எல்லோடு பொருந்தாது.

கேட்டவர்:
ஆமாம், ஐபிதான்! மாற்றியதும் இரண்டும் ஓடின. ஜென்கின்ஸ் ரீஸ்டார்ட் நேரத்தில் வரும் புஷ் தவறினால்?

பதில் 1:
நேரக் கட்டத்தில் ‘எச் எச் * * *’ போட்டு வையுங்கள், நாளுக்கு ஒரு முறை பார்த்து, விட்டுப்போனதைப் பிடித்துக்கொள்ளும்.