வீட்டிலேயே தையல் தொழில்: வாடகையில் ஒரு பங்கை வரிக்கணக்கில் கழிக்கலாமா?

செந்தூல்_தையல்:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் 900 சதுர அடி வாடகை வீட்டில் இருக்கிறோம். பின்னறையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்து மூன்று வருடமாகிறது. தொழில் வருமானம் உள்ளவர்கள் கொடுக்கும் பி வரிப் படிவத்துக்குக் கெடுவான ஜூன் 30 நெருங்குகிறது. வாடகை மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்), கரண்டு பில் 210 வெள்ளி அளவில் வரும். நேற்று அளவு நாடாவைத் தரையில் போட்டு அறையை அளந்தேன். 12 அடிக்கு 9 அடி, 108 சதுர அடி. அதாவது வீட்டில் 12 விழுக்காடு. இந்தப் பங்கைத் தொழில் செலவாகக் காட்டுவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. தோழி ஒருத்தி பாதி வாடகையைப் போடச் சொல்கிறாள், அதற்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பட்டர்வொர்த்_அண்ணே:
தங்கச்சி, அந்த 12 விழுக்காடும் வேண்டாம். வருமான வரிச் சட்டம் 1967, 33(1) பிரிவு, வருமானம் ஈட்ட "முழுவதும் அதற்கு மட்டுமே" ஆன செலவைத்தான் கழிக்க விடுகிறது. 39-ஆம் பிரிவு குடும்பச் செலவு, சொந்தச் செலவு எதையும் கழிக்க விடாது. குடியிருக்கும் வீட்டின் வாடகை குடும்பச் செலவுதானே?

நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு கணக்கர் பேச்சைக் கேட்டு வீட்டு வாடகையில் பாதியைப் போட்டேன். அப்புறம் வருமான வரி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த அறை, எவ்வளவு இடம், எப்படிப் பாதி என்று கேட்டார்கள். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. போட்டது மொத்தமும் போய், மேல் அபராதமும் கட்டினேன். குறைத்துக் கட்டிய வரி எவ்வளவோ அவ்வளவு வரை அபராதம் போட அதே சட்டத்தின் 113(2) பிரிவு இடம் கொடுக்கிறது.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வாடகைப் பங்கு வருடத்துக்கு 1,728, கரண்டு 302. மொத்தம் 2,030 வெள்ளி. உங்கள் வருமானம் 6 விழுக்காட்டு வரிப் படியில் இருந்தால் மிச்சமாவது 122 வெள்ளி. அதற்காக ஏழு வருடம் காகிதத்தைக் காத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?

ஜார்ஜ்டவுன்_கணக்கு:
அண்ணே, உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் சட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை, அதனால் இதை விட முடியவில்லை. அதே 33(1)-இல் (ஆ) உட்பிரிவு வாடகைக்கென்றே இருக்கிறது. வருமானம் ஈட்டுவதற்காக ஒருவர் பயன்படுத்தும் நிலம், கட்டடம், "அல்லது அதன் ஒரு பகுதி" என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு பகுதிக்கான வாடகையைக் கழிக்கலாம் என்று சட்டமே சொல்லும்போது அதைக் குடும்பச் செலவு என்று நாம் ஏன் தள்ள வேண்டும்? உங்கள் தவறு பாதி என்று குத்துமதிப்பாகப் போட்டது. அக்கா நாடா வைத்து அளந்திருக்கிறார்.

122 வெள்ளிதான் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு. ஒருவருக்கு அது 36,500 என்று வைத்துக்கொள்வோம், வரி 690 வெள்ளி. 2,030-ஐக் கழித்தால் வருமானம் 34,470, வரி 584, தள்ளுபடி போகக் கட்டுவது 184. ஐந்நூறு வெள்ளிக்கு மேல் வித்தியாசம். ரவிக்கைக்கு 40, 50 வெள்ளி கூலி வாங்கும் ஒருவருக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று பாருங்கள்.

கேப்போங்_கேக்:
நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். அமெரிக்காவில் சதுர அடிக்கு 5 டாலர், 300 சதுர அடி வரை அப்படியே கழிக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நமக்கும் அப்படி உண்டா? வீடு சொந்தம், கடன் கட்டுகிறோம்.

ஜார்ஜ்டவுன்_கணக்கு:
அது அமெரிக்கச் சட்டம். அங்கேயும் அந்த இடத்தைத் தொழிலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். இங்கே அப்படி ஒரு நிலையான தொகை கிடையாது. சொந்த வீட்டுக்கு வாடகையும் இல்லை, கடனின் அசல் சொத்து வாங்கும் மூலதனச் செலவு, அதைக் கழிக்கவே முடியாது. சமையலறையில் காலையில் கேக், மாலையில் குழம்பு. அங்கே கோடு போட்டுப் பிரிக்க நான் துணிய மாட்டேன். கேக் சுடும் ஓவனுக்கு மட்டும் பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டர் வாங்கி, ஆர்டர் நாட்களில் எத்தனை யூனிட் என்று நோட்டில் எழுதுங்கள். அந்தக் கரண்டுக்குக் கணக்கு இருக்கும்.

பட்டர்வொர்த்_அண்ணே:
சமையலறை விஷயத்தில் நானும் அதையேதான் சொல்வேன். அந்த மீட்டர் நல்ல யோசனை. தையல் அறைக்கு மட்டும் ஏன் இவ்வளவு நம்பிக்கை? தங்கச்சி, அந்த அறையில் யாராவது படுக்கிறார்களா? வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது?

செந்தூல்_தையல்:
இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் ஒன்று, இஸ்திரி மேசை. ஆள் படுக்க இடமே இல்லை. தீபாவளிக்கு மாமியார் வந்தால் மட்டும் மேசையை மடக்கிப் பாய் விரிப்போம், இரண்டு வாரம். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்_அண்ணே:
அந்த இரண்டு வாரத்தை யாராவது கேட்டால்?

ஜார்ஜ்டவுன்_கணக்கு:
கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான். 52 வாரத்தில் 50 வாரத்துக்கு மட்டும் பங்கு போடட்டும். நிஜமாகச் செலவழித்ததை விட்டுக்கொடுப்பது ஜாக்கிரதை ஆகாது அண்ணே. இப்படிப் பயந்தே வீட்டில் உழைக்கும் பெண்கள் பலர் நூல், பட்டன் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை.

அக்கா, இணையக் கட்டணத்தைத் தனிநபர் வாழ்க்கைமுறை வரிவிலக்கில், அந்த 2,500 வெள்ளியில், போட்டிருந்தால் தொழில் செலவில் மறுபடி போடாதீர்கள். கடை ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், இன்றே படம் எடுத்து வையுங்கள்.

செந்தூல்_தையல்:
ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கணவர் பேரில் இருக்கிறது. வாடகை போவதும் அவர் வங்கிக் கணக்கிலிருந்துதான்.

பட்டர்வொர்த்_அண்ணே:
இதற்குத்தான் கேட்டேன்.

ஜார்ஜ்டவுன்_கணக்கு:
இங்கே அண்ணன் சொல்வது சரி. தொழில் செய்கிற அந்த நபரே கொடுக்க வேண்டிய வாடகை என்றுதான் சட்டம் இருக்கிறது. இந்த வருடம் வாடகையை விட்டுவிடுங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் பெயரையும் சேர்த்து, உங்கள் பங்கை உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள். அறையை அளந்த தாளில் தேதி போட்டு வையுங்கள்.

பட்டர்வொர்த்_அண்ணே:
அடுத்த வருடமும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் போடுவதென்றால் இப்படிப் போடுங்கள்.

செந்தூல்_தையல்:
சரி. இந்த வருடம் நூல், லைனிங், மெஷின் ரிப்பேர் இவற்றோடு போன வருடம் மார்ச்சில் வாங்கிய 1,850 வெள்ளி ஓவர்லாக் மெஷின். 2,000 வெள்ளிக்கு மேற்படாத சாதனம் என்பதால் வாங்கிய வருடத்திலேயே அதன் முழு விலையும் மூலதனக் கழிவாகக் கிடைக்கும், அதை எழுதிவிட்டேன். மீட்டரும் ஒன்று வாங்கியாயிற்று. இன்று காலை இஸ்திரிப் பெட்டியில் மாட்டி, ஐந்து ரவிக்கை தேய்த்து முடித்ததும் முதல் எண்ணை நோட்டில் குறித்தேன். ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது. கணவரிடம் பேசிவிட்டேன், வீட்டு முதலாளியிடம் இந்த வாரம் பேசுவார்.